கேமராவுக்குத் தெரியாத வீடு

செய்யூர் பக்கம் போனால், கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்காமல் வராதீர்கள். உப்பங்கழி, மணல்திட்டு, இடிந்த செங்கல் சுவர்... எந்த மூலையில் நின்று போட்டோ எடுத்தாலும் அழகாக விழும்!

1750-ல் முஸாபர் ஜங், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குப் பரிசாகக் கொடுத்த கோட்டை இது. பத்தே வருஷம்... 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து, இடித்துத் தள்ளிவிட்டார்கள். சரி, கோட்டையை நம்பிப் பிழைத்த ஜனங்கள் எங்கே போனார்கள்? போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், வாயே திறக்காது!

சர்க்கார் கணக்காவது சொல்லுமா? 1767-ல் தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி இன்ஜினீயர் செங்கல்பட்டுச் சீமையை அளக்க ஆரம்பித்தார். 1774-க்குள் சுமார் 2,000 ஊர்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, யாருக்கு என்ன தொழில்... எல்லாம் எழுதினார். எதற்கு? வரி வசூலுக்கு! அந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம், பாட்டி எந்தத் திண்ணையில் உட்காருவாள் என்பதெல்லாம் கம்பெனிக்கு எதற்கு?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் போர்ச்சுக்கீசியர் தொடங்கி, 1658-ல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் தொடர்ந்த நிலப் பதிவேட்டுக்குப் பெயர் 'தோம்பு'. அதுவும் வரிக்கணக்குதான்.

அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன். 1990-ல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 1995-ல் ராணுவம் நெருங்க, லட்சக்கணக்கான பேர் யாழ்ப்பாணத்தைக் காலி செய்துகொண்டு நடந்தார்கள். இப்படிப் போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டு வந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். அவர்கள் கிறுக்கிய கோட்டுப்படம், அதைப் பார்த்துப் போட்ட கட்டட வரைபடம், அவர்கள் சொன்ன கதை, சனாதனன் தீட்டிய ஓவியம்... எல்லாம் சேர்ந்து 2011-ல் புத்தகமானது. பெயரைத் தமிழில் சொன்னால், 'முற்றுப்பெறாத தோம்பு'!

'ஏன், போட்டோ எடுத்தால் போதாதா?' என்கிறீர்களா? கேமராவுக்கு எதிரே வீடு நிற்க வேண்டுமே! பல வீடுகள் குண்டில் போயின. பல வீடுகள் ராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் மாட்டிக்கொண்டன. மிச்சமிருந்தது மனசில் மட்டும்தான்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்காவது திரும்பிப் போக பஸ் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது, போட்டோவோடு நிறுத்தாமல், பெரியவர்கள் கையில் பென்சிலும் பேப்பரும் கொடுங்கள். பழைய வீட்டில் அடுப்படி எங்கே இருந்தது, யார் எங்கே படுப்பார்கள் என்று கேட்டு வாங்கி வையுங்கள். அந்தத் தோம்பை எந்த சர்க்காரும் உங்களுக்கு எழுதித் தராது!