தனி நிரலாளர்களும் பின்னூட்டச் சமூகங்களும்: ஒரு வரலாறு

நிறுவனம் எதிலும் ஊழியராக இல்லாமல், தாமாகவோ ஓரிரு நண்பர்களுடனோ மென்பொருள் எழுதி வெளியிடுபவர் தனி நிரலாளர் எனப்படுகிறார். பெரிய நிறுவனங்களில் நிரலை எழுதுபவர் ஒருவர், அதைச் சோதிப்பவர் மற்றொருவர், வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்பவர் வேறொருவர். தனி நிரலாளருக்கோ இம்மூன்று பொறுப்பும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. தன் கட்டுரையைத் தானே பிழை திருத்துகிறவரின் கண்ணுக்குச் சில எழுத்துப் பிழைகள் கடைசிவரை படுவதில்லை. நிரலுக்கும் இது பொருந்தும். எனவே பிறர் எடுத்துச் சொல்லும் குறைநிறைகள், அதாவது பின்னூட்டம், தனி நிரலாளருக்கு இன்றியமையாதது. அதைத் தொடர்ந்து தரக்கூடிய மனிதர்களை எப்படித் திரட்டுவது என்ற கேள்வி, தனிநபர் கணினி தோன்றிய நாள் முதல் இன்றைய செயலிக் கடைகள் வரை மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. ஒவ்வொரு காலத்திலும் அதற்குக் கிடைத்த விடை வேறு.

கார் கொட்டகையில் ஒரு கூட்டம்

கணினிப் பயனர்கள் சங்கமாகக் கூடுவது 1950-களிலேயே தொடங்கிவிட்டது. ஐபிஎம் கணினிகளைப் பயன்படுத்தியவர்கள் 1955-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ‘ஷேர்’ என்ற அமைப்பை நிறுவினர். ஆனால் அதன் உறுப்பினர்கள் கணினி வைத்திருந்த நிறுவனங்களே. தனி மனிதர் ஒருவர் சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்ளும் நிலை அன்று இல்லை.

‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1975 ஜனவரி அட்டையில் ஆல்டெய்ர் 8800 இடம்பெற்றபோது அந்த நிலை மாறியது. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கணினி அது. பூட்டிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று பலருக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் தேவைப்பட்டது. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் 32 பேர் கூடினர். அவரும் பிரெட் மூர் என்பவரும் கூட்டிய அக்கூட்டமே ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ ஆயிற்று. கூட்டம் பெருகவே, பின்னர் ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கிற்கு மாறியது.

கூட்டங்களை லீ பெல்சன்ஸ்டைன் நெறிப்படுத்தினார். முதலில் ஒவ்வொருவரும் எழுந்து தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், தமக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அடுத்த பகுதியில், தமக்குப் பயன்படுவார் எனத் தோன்றியவரைத் தேடிச் சென்று பேசிக்கொள்ளலாம். யாரிடம் எதைக் கேட்கலாம் என்று முதற்பகுதியிலேயே தெரிந்துவிடுவதால் நேரம் வீணாகவில்லை. ஸ்டீவ் வாஸ்னியாக் முதற்கூட்டத்துக்கே வந்தவர். பின்னாளில் ‘ஆப்பிள் 1’ என்ற பெயர் பெற்ற தம் கணினியை அவர் காட்டியதும் இந்தக் கிளப் நண்பர்களிடம்தான்.

பாராட்டு உண்டு, பணம் இல்லை

இக்கிளப்பின் வரலாற்றிலேயே ஒரு பூசலும் உண்டு. ஆல்டெய்ருக்கான பேசிக் மொழியைப் பில் கேட்ஸ், பால் ஆலன் ஆகியோரின் மைக்ரோசாஃப்ட் எழுதியிருந்தது. அது துளையிட்ட காகித நாடாவில் வந்தது. அந்த நாடா படியெடுக்கப்பட்டுக் கிளப்பில் கைமாறியது. இதைக் கண்டித்து 1976 பிப்ரவரியில் இருபது வயதான கேட்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். கிளப்பின் செய்திமடலிலும் அது அச்சானது. பயன்படுத்துவதாகச் சொன்ன நூற்றுக்கணக்கானோரின் பின்னூட்டம் முழுவதும் பாராட்டாகவே இருந்ததென்று அதில் குறிப்பிட்ட அவர், ஆல்டெய்ர் வைத்திருப்போரில் 10 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே அதை விலைகொடுத்து வாங்கினர் என்றும், செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் எழுதினார்.

இதே நேரத்தில் வேறொரு வழியும் பிறந்தது. ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’ என்ற குழுவின் இதழில், சிறிய நினைவகத்துக்குள் அடங்கும் ‘டைனி பேசிக்’ மொழிக்கான வடிவமைப்பை டென்னிஸ் ஆலிசன் வெளியிட்டார். வாசகர்கள் தாங்கள் எழுதிய நிரல்களையும் திருத்தங்களையும் அனுப்பிவைத்தனர். இவற்றை அச்சிடுவதற்காக 1976 ஜனவரியில் மூன்று இதழ்கள் அளவில் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதே ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’. வரவேற்பு மிகுந்ததால் அது நின்றுவிடாமல் பல ஆண்டுகள் வந்த கணினி இதழாயிற்று. டாம் பிட்மன் என்பவர் தாம் எழுதிய டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். படியெடுப்பதைவிட வாங்குவதே எளிது என்று தோன்றும் விலை அது.

தொலைபேசி வழியே

நேரில் கூடுவதற்கு ஒரே ஊரில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியவர்கள் சிகாகோவின் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் ஆகிய இருவர். 1978-இன் கடும் பனிப்புயலில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில் தொடங்கிய இவர்களது பணி, அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று ‘சிபிபிஎஸ்’ என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மன்றங்களிலும் கடைகளிலும் தொங்கும் அறிவிப்புப் பலகையின் கணினி வடிவம் அது. மோடம் வைத்திருப்பவர் தொலைபேசியில் அழைத்து, ஒட்டியிருக்கும் குறிப்புகளைப் படித்து, தம் குறிப்பையும் விட்டுச் செல்லலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஆயினும் இதைப் பார்த்து ஊர்தோறும் பலகைகள் தோன்றின. நிரல்களும் அவற்றைப் பற்றிய குறைகளும் ஒரே பாதையில் பயணிக்கத் தொடங்கின.

ஷேர்வேர் பிறந்த கதை

தனி நிரலாளர், பயனர் உறவில் பெரிய திருப்பம் 1982-இல் நேர்ந்தது. ஐபிஎம் ஊழியரான ஜிம் நாஃப், தம் தேவாலயத்துக்கான முகவரிச் சீட்டுகளை அச்சிட ஒரு தரவுத்தள நிரல் எழுதினார். அதைச் சக ஊழியர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் பிறருக்குக் கொடுத்தனர். பயனர் கூட்டம் பெருகியபோது ஒரு சிக்கல் எழுந்தது. திருத்திய பதிப்பை யாருக்கெல்லாம் அனுப்புவது? இவர்களில் உண்மையிலேயே பயன்படுத்துகிறவர் யார், சும்மா வாங்கி வைத்திருப்பவர் யார்? நாஃப் நிரலுக்குள்ளேயே ஓர் அறிவிப்பைச் சேர்த்தார். இந்நிரலைத் தாராளமாகப் பிறருக்குக் கொடுக்கலாம். பயனுள்ளதாக இருந்தால், விரும்பினால் 10 டாலர் அனுப்பலாம். அனுப்புகிறவர் முகவரிப் பட்டியலில் சேர்க்கப்படுவார்.

ஆக, ஷேர்வேர் முறையின் வேர்களில் ஒன்று பணம் திரட்டும் திட்டம் அன்று. அக்கறையுள்ள பயனரை அடையாளம் காணும் முயற்சி. கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் ‘பிசி-டாக்’ என்ற தொலைத்தொடர்பு நிரலை இதே முறையில் வெளியிட்டிருந்ததை ஒரு பயனர்தான் நாஃபுக்குத் தெரியப்படுத்தினார். இருவரும் தொடர்புகொண்டு, ஒருவர் நிரலில் மற்றவர் நிரலைக் குறிப்பிடுவதென்றும், இருவருமே 25 டாலர் கேட்பதென்றும் உடன்பட்டனர். நாஃபின் நிரல் ‘பிசி-ஃபைல்’ எனப் பெயர் மாறியது. ஒரே வகை நிரலாளர் இருவர் போட்டியாளராகாமல் கூட்டாளியானதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மைக்ரோசாஃப்டின் தொடக்ககால ஊழியர்களுள் ஒருவரான பாப் வாலஸ் 1983-இல் ‘பிசி-ரைட்’ என்ற எழுத்துக்கருவியை வெளியிட்டார். 75 டாலர் செலுத்திப் பதிவு செய்தவருக்குக் கையேடும் உதவியும் கிடைத்தன. அவர் கொடுத்த படியிலிருந்து வேறொருவர் பதிவு செய்தால் அவருக்கு 25 டாலர் திரும்பி வந்தது. பயனரே விற்பனையாளரும் ஆனார். ‘ஃப்ரீவேர்’ என்ற சொல்லை ஃபுளூகல்மன் வணிகக் குறியாகப் பதிந்திருந்ததால் வேறு பொதுப்பெயர் தேவைப்பட்டது. 1984-இல் நெல்சன் ஃபோர்டு தம் இதழ்ப் பத்தி வழியாக வாசகர்களிடமே பெயர் கேட்டார். ‘ஷேர்வேர்’ நிலைபெற்றது. 1987-இல் ஷேர்வேர் நிரலாளர்கள் தமக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றை அமைத்து, உறுப்பினரின் நிரல்களுக்குத் தர விதிகளை வகுத்தனர். பயனருக்கும் நிரலாளருக்கும் பிணக்கு வந்தால் தீர்த்துவைக்க ஒரு நடுவரையும் வைத்தனர்.

பொய்க் கடிதங்களும் உண்மைத் தேவைகளும்

வந்த பின்னூட்டம் அனைத்தும் உண்மையானது அன்று. 1990-இல் ஷேர்வேர் விளையாட்டு வெளியீட்டாளரான ஸ்காட் மில்லர், வேறொரு நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் ரொமேரோவைத் தம் பக்கம் அழைக்க விரும்பினார். ஊழியர்களுக்கு வரும் கடிதங்களை நிறுவனம் பிரித்துப் பார்க்கக்கூடும் எனக் கருதி, வெவ்வேறு பெயர்களில் ரசிகர் கடிதங்கள் எழுதினார். ரொமேரோ மகிழ்ந்து அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்தார். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. முதலில் சினந்தாலும், அந்தத் தொடர்பிலிருந்தே ‘கமாண்டர் கீன்’ விளையாட்டும் ‘ஐடி சாஃப்ட்வேர்’ நிறுவனமும் உருவாயின. கதை நன்மையில் முடிந்தது என்றாலும், பாராட்டை மட்டும் வைத்து எதையும் கணிக்க முடியாது என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு பின்லாந்தில் கிடைக்கிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்குதளம் எழுதிவருவதாக மினிக்ஸ் பயனர் குழுவுக்கு எழுதினார். மினிக்ஸில் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை என்று கேட்ட அவர், சொல்வதையெல்லாம் செய்வேன் என்று உறுதி கூற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். கேள்வி குறிப்பாக இருந்தது. கேட்கப்பட்டவர்கள் விவரம் அறிந்தவர்கள். பணம் அனுப்ப முன்வந்தவர்களிடம் அவர் அஞ்சலட்டை அனுப்பச் சொன்னார். தம் நிரலை யார், எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அறிவதையே அவர் பெரிதாகக் கருதினார். நினைவகம் குறைவான கணினி வைத்திருந்த பயனர் ஒருவரின் இடரைக் கேட்டு, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதற்கான வசதியை எழுதிச் சேர்த்தார். சொன்னது நடக்கிறது என்று கண்ட பயனர் மீண்டும் சொல்ல வந்தார். லினக்ஸ் சமூகம் விரைந்து வளர இதுவும் ஒரு காரணம்.

செயலிக் கடைகளின் காலம்

2008 ஜூலை 10 அன்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சுமார் 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. தனி நிரலாளருக்கு உலகச் சந்தை ஒரே நாளில் கிடைத்தது. ஆனால் பழைய உறவு அறுந்தது. பயனரின் பெயரும் முகவரியும் இப்போது கடையிடம் இருந்தன, நிரலாளரிடம் இல்லை. பின்னூட்டம் ஐந்து விண்மீன்களாகச் சுருங்கியது. செயலியை நீக்கும்போது மதிப்பெண் கேட்கும் முறையும் ஐபோனில் சில காலம் இருந்தது. வெறுத்து நீக்குகிறவரிடமே கருத்துக் கேட்டால் என்ன மதிப்பெண் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் ஒற்றை விண்மீன் இட்டால், எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில் என்று திருப்பிக் கேட்கவும் வழியில்லாதிருந்தது. கூகுள் 2012 முதல் படிப்படியாக நிரலாளரைப் பதிலளிக்க அனுமதித்தது. ஆப்பிள் 2017 மார்ச்சில்தான் அனுமதித்தது. வெளியீட்டுக்கு முன்பே சோதிப்பதற்கான ‘டெஸ்ட்ஃபிளைட்’ கருவி 2014-இல் ஆப்பிள் வசமானது. இன்று அதன் வழியே 10,000 வெளிச் சோதனையாளர்கள் வரை அழைக்கலாம். கருவி ஆயத்தமாக இருக்கிறது. அழைப்பதற்கு ஆட்களைத் தேடுவதே தனி நிரலாளரின் பாடு.

கட்டாயமான மொய்

2023 நவம்பரில் கூகுள் ஒரு விதியைக் கொண்டுவந்தது. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 20 சோதனையாளர்களைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ந்து மூடிய சோதனை நடத்த வேண்டும். 2024 டிசம்பரில் இந்த எண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. தரமற்ற செயலிகளைத் தடுப்பதே நோக்கம். நிறுவனங்களுக்கு இது பெரிய சுமை அன்று. வீட்டிலிருந்து முதல் செயலியை எழுதும் மாணவருக்கோ இது கடினம்.

விளைவாக, ‘நீ என் செயலியைச் சோதி, நான் உன் செயலியைச் சோதிக்கிறேன்’ என்ற பரிமாற்றக் குழுக்கள் இணையத்தில் பெருகின. திருமண வீட்டு மொய்க் கணக்கைப் போன்றது இது. மொய்யில் குற்றமில்லை, இக்கட்டில் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் பெயரை எழுதிவிட்டு உடனே கிளம்பும் விருந்தாளியைப் போல, செயலியை நிறுவிவிட்டு 14 நாட்களும் திறந்தே பார்க்காத சோதனையாளரால் எண்ணிக்கை நிரம்புமே தவிர, ஒரு வழுவும் வெளிப்படாது. ‘அருமை’, ‘சிறப்பு’ என்ற சொற்கள் மட்டுமே மிஞ்சும். தன் செயலி சோதிக்கப்பட்டுவிட்டது என்று நம்பி வெளியிடும் புதியவர், முதல் உண்மையான பயனரின் ஒற்றை விண்மீனில்தான் தவற்றை அறிகிறார்.

வளர்ந்தவற்றின் பொதுப்பண்புகள்

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிட்டால் சில பண்புகள் புலப்படுகின்றன. முதலாவதாக, நன்கு வளர்ந்த சமூகங்கள் சிறிதாகவே தொடங்கின. ஹோம்புரூவின் முதற்கூட்டத்துக்கு வந்தவர்கள் 32 பேர். நாஃபின் முதற்பயனர்கள் உடன் பணிபுரிந்தோர். இரண்டாவதாக, அவற்றில் கேள்வி தெளிவாக இருந்தது. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதே விடையாக வரும். ‘எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?’ என்று கேட்டால் பயனுள்ள விடை வரும். மூன்றாவதாக, சொன்னவருக்குப் பலன் கண்ணில் பட்டது. திருத்திய பதிப்பு, அச்சில் வந்த பெயர், செய்ய இயலாது என்ற நேர்மையான பதில், இவற்றுள் ஏதேனும் ஒன்று அவரைச் சென்றடைந்தது. நான்காவதாக, கொடுக்கல் வாங்கல் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் உழைப்பின் பரிமாற்றமாக இருந்தது.

அச்சிதழ், காகித நாடா, தொலைபேசிப் பலகை, நெகிழ்வட்டு ஆகியவை வழக்கொழிந்துவிட்டன. ஷேர்வேர் நிரலாளர்களின் சங்கமும் 2010-இல் பெயரை மாற்றிக்கொண்டு இயங்கி, 2021-இல் கலைந்துபோனது. எனினும் அன்று நாஃப் கேட்ட கேள்வி, அதாவது இத்தனை பேரில் உண்மையாகவே பயன்படுத்துகிறவர் யார் என்பது, இன்று 12 சோதனையாளரைத் தேடி அலையும் புதிய நிரலாளரின் முன்னும் அப்படியே நிற்கிறது.