கடன் அட்டையில் தெரியாத கட்டணம்: காலை வரை காத்திருக்கக் கூடாது

இரவு பதினோரு மணிக்குக் கைப்பேசிக்கு ஒரு குறுந்தகவல் வருகிறது. கடன் அட்டையில் 4 ரிங்கிட் 20 சென் கழிக்கப்பட்டதாக அதில் இருக்கிறது. கடையின் பெயரோ இதுவரை கேள்விப்படாத பெயர். "சின்னத் தொகைதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அட்டைதாரர் படுத்துவிடுகிறார். விடிந்து பார்த்தால் அதே அட்டையில் 1,800 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கப்பட்டிருக்கிறது.

இது யாருக்கும் நடக்கக்கூடியது. அட்டை எண்ணைத் திருடியவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் பெரிய தொகையில் கை வைப்பதில்லை. அட்டை இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய முதலில் சில ரிங்கிட்டை மட்டும் கழித்துப் பார்ப்பார்கள். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்தது பெரிய அடி. அதனால் அந்த 4 ரிங்கிட் குறுந்தகவலை எச்சரிக்கை மணியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் கடன் அட்டைதாரருக்குச் சட்டதிட்டப்படி பாதுகாப்பு உண்டு. ஆனால், தெரிந்தவுடன் வங்கிக்குச் சொன்னவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கும். தாமதித்தவரின் வழக்கு அந்தத் தாமதத்தாலேயே பலவீனமாகிவிடும்.

முதல் பத்து நிமிடம்

முதல் வேலை அட்டையை முடக்குவது. பெரும்பாலான வங்கிகளின் கைப்பேசிச் செயலியில் அட்டையைத் தற்காலிகமாக முடக்கும் வசதி இருக்கிறது. கட்டணம் உண்மையில் வீட்டில் ஒருவர் வாங்கியதாகவோ, மாதச் சந்தாவாகவோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். தவறு என்று தெரிந்தால் மறுபடியும் திறந்துகொள்ளலாம். கடையின் பதிவுப் பெயரும் பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் வேறாக இருப்பதும் உண்டு.

அடுத்து வங்கியை அழைக்க வேண்டும். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழைக்க வேண்டும். குறுந்தகவலில் வந்த எண்ணையோ, இணையத்தில் தேடும்போது முதலில் வந்து விழும் எண்ணையோ நம்பக் கூடாது. வங்கியின் எண்ணைப் போலவே போலி எண்ணை விளம்பரமாகப் போட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அட்டையே திருடு போய்விட்டால் பின்புறத்து எண்ணும் கையில் இருக்காது. அதனால் அந்த எண்ணை இன்றைக்கே கைப்பேசியிலும், வீட்டில் ஒரு தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

வங்கி அதிகாரியிடம் பேசும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அழைத்த நேரம், பேசியவரின் பெயர், புகார் எண். நாளைக்கு "உடனே சொன்னேன்" என்று நிரூபிக்க இந்த மூன்றும்தான் சாட்சி.

பேச்சில் மயங்கி ஏமாந்து பணத்தை அனுப்பியிருந்தாலோ, வங்கிக் கணக்கின் விவரங்களைக் கொடுத்திருந்தாலோ வங்கியை அழைப்பதோடு 997 என்ற எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். காவல் துறை, பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைத்தொடர்புத் தரப்பு ஆகியவை ஒன்றாக இயங்கி, பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவும் முன் அதைத் தடுக்க முயல்வதுதான் அதன் வேலை. சில மணி நேரம் கடந்துவிட்டால் பணம் பல கணக்குகளைத் தாண்டிவிடும்.

காவல் துறையில் புகார்

வங்கியை அழைத்த பிறகே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். முதலில் நிலையத்துக்குப் போய் வரிசையில் காத்திருந்தால் அதற்குள் அட்டை இன்னும் நாலு கடை சுற்றி வந்துவிடும். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

புகாரில் இருக்க வேண்டியவை: அட்டையின் கடைசி நான்கு எண்கள், ஒவ்வொரு கட்டணத்தின் தேதி, நேரம், தொகை, கடையின் பெயர், வங்கிக்குத் தகவல் சொன்ன நேரம், வங்கி கொடுத்த புகார் எண். அட்டை அப்போது யாரிடம் இருந்தது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகார் மலாய் மொழியில் பதிவாகும் என்பதால், மலாய் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது. கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லலாம். அவசரத்தில் தவறாகப் பதிவான ஒரு வரி, பிறகு வங்கி விசாரணையில் எதிராக நிற்கும்.

பணப்பையோடு அடையாள அட்டையும் திருடு போயிருந்தால் அதையும் அதே புகாரில் சேர்க்க வேண்டும். தேசியப் பதிவுத் துறையில் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, திருட்டு என்பதற்கான காவல் துறைப் புகார் இருந்தால் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு.

யார் பொறுப்பு?

"அட்டையில் போன பணத்தை நான்தானே கட்ட வேண்டும்" என்று பலர் நினைத்து, மனதுக்குள் புலம்பிக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்ட வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை.

கடன் அட்டை தொடர்பான பேங்க் நெகாராவின் கொள்கை ஆவணத்தின்படி, பின் எண்ணைப் பயன்படுத்தி அட்டைதாரருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு அவர் பொறுப்பாக மாட்டார். ஆனால், அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. அவரே மோசடியில் ஈடுபட்டிருக்கக் கூடாது. தெரிந்த பிறகு வங்கிக்குச் சொல்லத் தாமதித்திருக்கக் கூடாது. பின் எண்ணைத் தானாக இன்னொருவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. பின் எண்ணை அட்டையிலோ, அட்டையோடு சேர்த்து வைக்கும் பொருளிலோ எழுதி வைத்திருக்கக் கூடாது.

பின் எண் இல்லாமல் தொட்டுச் செலுத்தும் முறைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நம் நாட்டில் ஒரு முறைக்கு 250 ரிங்கிட் வரை இப்படிச் செலுத்த முடியும். இங்கேயும் அட்டையைத் தானாக இன்னொருவரிடம் பயன்படுத்தக் கொடுத்திருக்கக் கூடாது. மற்றவர் கண்ணில் படும் இடத்தில், எட்டும் தூரத்தில் விட்டுச் சென்றிருக்கவும் கூடாது. காரின் முன் இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டுக் கடைக்குள் போவது இந்த வகையில் சேரும்.

இணையத்தில் நடக்கும் பரிவர்த்தனையில் கேள்வி ஓடிபி எண்ணைச் சுற்றித்தான் வரும். ஓடிபி கேட்காமலே கட்டணம் போயிருந்தால் அட்டைதாரரின் வாதம் வலுவானது. அவரே ஓடிபியை வாசித்துச் சொல்லியிருந்தால் வங்கி அதைக் கவனக்குறைவு என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அப்படி நடந்திருந்தாலும் மறைக்கக் கூடாது. எப்படி ஏமாற்றப்பட்டார் என்பதை உள்ளபடி சொன்னால்தான் வங்கியும் காவல் துறையும் அந்த வழியில் தேட முடியும்.

தோட்டப்புறத்தில் ஒரு பழக்கம்

பல தோட்டக் குடும்பங்களில் கையில் இருப்பது கடன் அட்டை அல்ல. சம்பளம் வந்து விழும் கணக்கின் ஏடிஎம் கார்டு. அதாவது பற்று அட்டை. இதில் ஆபத்து இன்னும் அதிகம். கடன் அட்டையில் மோசடி நடந்தால் கட்டணம் கணக்கறிக்கையில் நிற்கும். கட்டுவதற்கு முன் மறுக்க அவகாசம் உண்டு. பற்று அட்டையில் நடந்தால் சொந்தச் சம்பளம் உடனே போய்விடும். விசாரணை முடியும் வரை வீட்டுச் செலவுக்குப் பணம் இருக்காது.

வயதானவர்கள் பின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டை உறைக்குள்ளேயே செருகி வைப்பது சாதாரணம். கால் வலிக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் அட்டையையும் எண்ணையும் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்வதும் உண்டு. கடன் கொடுத்தவரிடம் அட்டையையே அடகு வைப்பவர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கையால் செய்யும் இந்தக் காரியங்கள் எல்லாமே பாதுகாப்பை இழக்கச் செய்பவை. பிறகு பணம் காணாமல் போனால் "எண்ணை நீங்களே கொடுத்தீர்கள்" என்ற பதில்தான் வரும். அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் பிள்ளைகளே அவரோடு வங்கிக்குப் போய் வேறு ஏற்பாடு என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது.

எழுத்தில் மறுக்க வேண்டும்

தொலைபேசியில் சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. வங்கியின் மறுப்புப் பாரத்தை நிரப்பி, காவல் துறைப் புகாரின் நகல், குறுந்தகவல்களின் படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கான கால வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். கணக்கறிக்கையின் பின்பக்கத்திலோ அட்டை ஒப்பந்தத்திலோ அது இருக்கும். மறுப்பு வந்ததும் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாகக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். அந்த நிறுவனங்களின் விதியிலும் கால வரம்பு உண்டு. மோசடிக் கட்டணத்துக்குப் பொதுவாக 120 நாள். மாதக் கணக்கறிக்கையைப் பிரித்துப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் போடுபவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

விசாரணை நடக்கும்போது பலர் செய்யும் தவறு, கோபத்தில் முழுக் கட்டணத்தையும் கட்டாமல் நிறுத்துவது. தானே வாங்கிய பொருள்களுக்கான தொகையை வழக்கம்போல் கட்டிவிட வேண்டும். மறுக்கப்படும் தொகையை மட்டும் விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைக்குமாறும், அதற்கு வட்டியோ தாமதக் கட்டணமோ போடக் கூடாது என்றும் வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை போகும். கட்டாமல் விட்டது பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் ஏறிவிட்டால், நாளைக்கு வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்கும்போது அது இடிக்கும்.

இந்தப் பதிவை இசிசிஆர்ஐஎஸ் இணையச் சேவையில் இலவசமாகப் பார்க்கலாம். அடையாள அட்டை திருடு போனவர்கள் அடுத்த சில மாதங்களுக்கு அதைப் பார்த்து, தங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும்.

வங்கி மறுத்துவிட்டால்

"எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று வங்கி கடிதம் அனுப்பினாலும் கதவு மூடிவிடவில்லை. முதலில் அந்த வங்கியின் புகார் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த படி நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை. சுருக்கமாக எஃப்எம்ஓஎஸ். முன்பு தனித்தனியாக இயங்கிய இரண்டு குறைதீர்ப்பு அமைப்புகள் இணைந்து, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் செயல்படுகின்றன. பயனீட்டாளருக்கு இங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. வங்கியின் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் வங்கியின் மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும்.

திருடர்கள் வரும் வழி

வீடு சுத்தம் செய்ய ஆள், மலிவு விலையில் உணவு என்று முகநூலில் விளம்பரம் வரும். புலனத்தில் பேசினால் ஒரு செயலியை அனுப்பிப் பதிவிறக்கச் சொல்வார்கள். ஏபிகே கோப்பாக வரும் அந்தச் செயலி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி குறுந்தகவலைத் திருடரின் பக்கம் திருப்பிவிடும். அதிகாரப்பூர்வ செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் எதையும் நிறுவவே கூடாது. நிறுவிவிட்டால் கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும்.

இன்னொரு வழி பயமுறுத்தும் அழைப்பு. வருமான வரி வாரியம், நீதிமன்றம், காவல் துறை, அஞ்சல் நிறுவனம் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்கள். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்பார்கள். வங்கி அதிகாரி என்று சொல்லி "உங்கள் அட்டையில் மோசடி நடக்கிறது, நிறுத்த ஓடிபி சொல்லுங்கள்" என்று கேட்பதும் உண்டு. மோசடியை நிறுத்த எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. குறுந்தகவலில் இணைப்பு அனுப்பி அதைத் தட்டச் சொல்வதும் வங்கியின் வேலை இல்லை.

பணத்தை இழந்தவர்களைத் தேடி இரண்டாவது திருடனும் வருவான். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்வார்கள். வங்கியும் காவல் துறையும் விசாரணைக்கு முன்பணம் கேட்பதில்லை.

இன்றே செய்ய வேண்டியவை

வங்கிச் செயலியில் சில வசதிகளை மாற்றி வைக்கப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் அறிவிப்பு வருமாறு வைக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் பயணம் போகும்போது மட்டும் திறக்கலாம். தொட்டுச் செலுத்தும் வசதி தேவையில்லை என்றால் மூடிவிடலாம். அட்டையின் செலவு வரம்பைத் தேவைக்கு மேல் உயர்த்தாமல் இருக்கலாம். கைப்பேசி எண் மாறினால் அன்றைக்கே வங்கியில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பழைய எண்ணுக்குப் போகும் எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் அப்பா பிள்ளைகளிடம் சொல்வதில்லை. மகள் திட்டுவாள் என்று அம்மா மூன்று நாள் வாயைத் திறப்பதில்லை. அந்த மூன்று நாளில்தான் பணமும் போகிறது, "உடனே தெரிவித்தேன்" என்று சொல்லும் உரிமையும் போகிறது. வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் யார் தவறு என்று பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் வங்கியை அழைக்க வேண்டும்.