ஆதாம் விட்டுச்சென்றது என்ன? குற்றமா, சாவா, சாய்வா?

கி.பி. 418 மே 1 அன்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயர்கள் பெருந்திரளாகக் கூடினர். பச்சிளங்குழந்தைகளுக்குத் தரப்படும் திருமுழுக்கு உண்மையாகவே பாவ மன்னிப்புக்காகத்தான் தரப்படுகிறது, அதை மறுப்பவர் சபைக்குப் புறம்பானவர் என்று அந்தச் சங்கம் விதித்தது. கண்ணை முழுதாகத் திறக்காத குழந்தை எந்தப் பாவத்தைச் செய்தது? தான் செய்யாததை, ஆதாமிடமிருந்து பிறப்பால் பெற்றது என்பதே ஆயர்களின் விடை. அதற்கு அவர்கள் காட்டிய மேற்கோள், உரோமையருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், 12ஆம் வசனம்.

அந்த வசனத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பு பிழையானது என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே தொடக்கப் பாவம் என்னும் கோட்பாடே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் குழந்தை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தக் கூற்று பாதிதான் உண்மை. கோட்பாட்டைப் பெற்றது அந்தப் பிழை அன்று. ஆனால் கோட்பாட்டின் ஒரு பகுதியை, அதாவது குற்றம் பரம்பரையாக வருகிறது என்ற பகுதியை, அசைக்க முடியாதபடி இறுக்கியது அதுதான். கிறிஸ்தவச் சிந்தனை கடந்த 500 ஆண்டுகளாக அந்த இறுக்கத்தைத் தளர்த்தி வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏதேன் கதையில் இல்லாத சொல்

தொடக்கநூலின் 3ஆம் அதிகாரத்தில் பாம்பு இருக்கிறது, கனி இருக்கிறது, வெட்கமும் சாபமும் இருக்கின்றன. 'பாவம்' என்ற சொல் மட்டும் இல்லை. விவிலியத்தில் அது முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில்: தம்பி ஆபேலின் மேல் காயீன் மனம் கொதித்து நிற்கும்போது, கடவுள் அவனை எச்சரிக்கும் இடத்தில். அங்கே பாவம் வாசலில் பதுங்கிக் கிடக்கும் விலங்கு போலக் காட்டப்படுகிறது. அதை அடக்கி ஆள வேண்டியவன் காயீன். அடக்க முடியாது என்று அந்தக் கதை சொல்லவில்லை.

எபிரேயத்தில் பாவத்திற்கு ஒரே சொல் இல்லை. 'ஹத்தாத்' என்பதன் வேர் குறி தவறுதலைக் குறிப்பது. நீதித்தலைவர்கள் நூலில், மயிரிழையையும் தப்பாமல் கவண் எறியும் பென்யமின் குலத்து இடக்கை வீரர்களைப் பற்றிச் சொல்லும்போது இதே வினைச்சொல் அதன் நேர்ப்பொருளில் வருகிறது. 'பேஷா' என்பது கிளர்ச்சி. 'அவோன்' என்பது கோணல். தவறுதல், எதிர்த்தல், கோணுதல் ஆகிய மூன்றும் செயல்கள், செய்பவரைச் சேர்ந்தவை. எபிரேய விவிலியம் ஆதாமின் மீறலைப் பின்னர் ஏறக்குறைய மறந்தே விடுகிறது. யூத மரபு பேசுவது பிறவிக் குற்றத்தைப் பற்றி அன்று, மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டத்தைப் பற்றி.

ஆதாமை மீண்டும் நடுமேடைக்குக் கொண்டுவந்தவர் பவுல். ஏறத்தாழ கி.பி. 57இல் எழுதிய உரோமையர் திருமுகத்தில் அவர் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருவரால் சாவு வந்தது, ஒருவரால் வாழ்வு வந்தது. அவருடைய கண் கிறிஸ்துவின் மேல்தான் இருந்தது. அந்த வாழ்வின் அளவைக் காட்டவே ஆதாமை எடுத்துக்கொண்டார்.

இரண்டு சொற்கள்

12ஆம் வசனத்தின் இறுதியில் 'எஃப் ஹோ' என்ற இரண்டு சிறு கிரேக்கச் சொற்கள் நிற்கின்றன. 'ஏனெனில்' அல்லது 'அதன் பேரில்' என்பது அவற்றின் இயல்பான பொருள். எல்லாரும் பாவம் செய்ததால் சாவு எல்லாரிடமும் பரவியது என்பதே வாக்கியத்தின் போக்கு. லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் இதை 'இன் குவோ' என்று ஆக்கினர். அதை 'அவனுக்குள்' என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால், ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பொருள் மாறுகிறது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமையில் எழுதிய, இன்று அம்புரோசியாஸ்தர் என்று அழைக்கப்படும் பெயர் தெரியாத உரையாசிரியர் அப்படித்தான் படித்தார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார் அவரைப் பின்பற்றினார்.

அகுஸ்தினார் கையிலிருந்த பழைய லத்தீன் பிரதியில் இன்னொரு இடைவெளியும் இருந்தது. 'சாவு எல்லாரிடமும் பரவியது' என்னும் இடத்தில் 'சாவு' என்ற சொல் விடுபட்டிருந்தது. ஆகவே பரவியது சாவா, பாவமா என்பது தெளிவில்லாமல் போயிற்று. பாவமே பரவியது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் கவனமில்லாமல் படித்தார் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் 'இன் குவோ' ஆதாமைச் சுட்டுகிறதா, பாவத்தைச் சுட்டுகிறதா என்று இரு பொருளுக்கும் இடம் தந்தார். பிறகு கிரேக்கத்தில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' பெண்பால் சொல், எனவே அது பொருந்தாது என்று இலக்கணம் பார்த்தே ஒதுக்கினார். இலக்கணத்தைத் தேடிப் போன ஒருவர் ஆதாமிடமே வந்து நின்றதற்கு, வசனத்திற்கு வெளியே ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

வசனத்திற்கு முன்பே இருந்தவை

முதல் காரணம் ஆப்பிரிக்கத் திருச்சபையின் பழக்கம். அகுஸ்தினாருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், ஃபீதுஸ் என்ற ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தையின் திருமுழுக்கை எட்டாம் நாள்வரை தள்ளிப்போட வேண்டுமா என்பது கேள்வி. தேவையில்லை என்றார் சிப்பிரியான். குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவம் அல்ல, பிறரிடமிருந்து வந்தது என்பதையும் அவர் காரணமாகக் காட்டினார். சபை செய்துவந்த சடங்கே கோட்பாட்டை எழுப்பியது.

இரண்டாவது காரணம் அகுஸ்தினார் தம்மையே உற்றுப் பார்த்தது. 354இல் தகாஸ்தே என்ற சிற்றூரில் (இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ்) பிறந்த அவர், தம் 16ஆம் வயதில் நண்பர்களுடன் பேரிக்காய் திருடியதைத் தன்வரலாற்றில் நீளமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தீமை என்பதாலேயே தீமை இனித்தது ஏன் என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி. தன்னுடன் பால் பகிரும் குழந்தையைப் பார்த்து இன்னொரு குழந்தை பொறாமையில் வெளிறுவதையும் அவர் கவனித்திருந்தார். குழந்தையின் உடல்தான் வலுவற்றது, மனம் அப்படியன்று என்று முடிவுசெய்தார்.

மூன்றாவது, இந்த வாதத்துக்கு மிக முக்கியமானது, காலம். 'ஓரிஜினாலே பெக்காத்தும்', அதாவது தொடக்கப் பாவம் என்ற தொடரை அவர் முதலில் ஆள்வது, மிலான் நகரின் சிம்பிளிசியானுக்கு 396-397 வாக்கில் எழுதிய விடைகளில். பிறவிப் பாவத்தை மறுத்த துறவி பெலாஜியுசுடன் சச்சரவு தொடங்க இன்னும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இருந்தன. அங்கே அவரை உந்தியது 5ஆம் அதிகாரம் அன்று, உரோமையரின் 9ஆம் அதிகாரம்: கருவிலேயே தேர்ந்துகொள்ளப்பட்ட யாக்கோபும் விலக்கப்பட்ட ஏசாவும். கடவுள் நீதியுள்ளவர் என்றால், எதுவும் செய்யாத கருவை எப்படி விலக்குவார்? மனித இனம் முழுவதும் முன்பே குற்றத்தில் பிசையப்பட்ட ஒரே பிண்டமாக இருந்தால்தான் அது பொருந்தும் என்று அவருக்குப் பட்டது. கோட்பாடு முதலில் உருவாயிற்று. பிழையான வசனம் பிறகு அதற்கு முத்திரை குத்தியது.

எதிர்த்து நின்றவர்கள்

பிரித்தானியாவில் பிறந்து உரோமையில் வாழ்ந்த துறவி பெலாஜியுஸ் அன்றைய உயர்குடியினருக்கு ஆன்ம வழிகாட்டி. பலவீனத்தைச் சாக்காகச் சொல்லி ஒழுக்கத்தைத் தளர்த்தும் கிறிஸ்தவர்களைக் கண்டு சலித்தவர். ஆதாமின் பாவம் பிறப்பால் பரவுவதில்லை, அதைப் பார்த்துப் பின்பற்றுவதால் பரவுகிறது என்றார். நெடுநாள் பழக்கம் இயற்கை போலத் தோன்றும் அளவுக்கு வேரூன்றுகிறது, ஆனாலும் அது பழக்கமே என்பது அவர் நிலை. 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிசில் கூடிய ஆயர்கள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். மூன்று ஆண்டுகளுக்குள் கார்த்தேஜ் அவரைக் கண்டித்தது. பேரரசர் ஹொனோரியுசின் ஆணையும் அவருக்கு எதிராக வந்தது. திருத்தந்தை சோசிமுசின் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்து 18 இத்தாலிய ஆயர்கள் பதவியை இழந்தனர்.

அவர்களில் ஒருவரான எக்லானும் ஆயர் யூலியான் தொடுத்த கணை கூர்மையானது. அகுஸ்தினார் இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் மானிக்கேய மதத்தில் இருந்தவர். தீமை ஒரு தனிப்பொருள், உடல் அதன் கூடு என்பது அந்த மதத்தின் போதனை. பிறப்பே பாவத்தைக் கடத்துகிறது என்றால் அதே மதம்தான் வேறு பெயரில் திரும்பி வருகிறது என்றார் யூலியான். ஆன்மாவைக் கடவுள் நேரே படைக்கிறார் என்றால் அதில் பாவம் எந்த வழியாக நுழைகிறது என்றும் கேட்டார். ஆன்மாவின் தோற்றம் பற்றி அகுஸ்தினார் கடைசிவரை முடிவு சொல்லவில்லை. வாண்டால்கள் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த 430ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, யூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த மறுப்பு நூல் பாதியில் நின்றது.

கிரேக்கம் பேசிய கிழக்குத் திருச்சபைக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. மூலத்தை அவர்கள் தாய்மொழியில் படித்தார்கள். ஆதாமின் மீறலால் மனிதர் சாவுக்கு உட்பட்டனர், சாவைக் கண்ட அச்சமும் அழியும் உடலின் தேவைகளும் அவர்களைப் பாவத்தை நோக்கி இழுக்கின்றன, குற்றம் மட்டும் அவரவர் செய்வது என்பதே அங்கே ஓங்கிய கருத்து. கிழக்கின் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம், குழந்தைகளுக்குப் பாவங்கள் இல்லாதிருந்தும் திருமுழுக்கின் மற்ற கொடைகளுக்காக அதைத் தருகிறோம் என்று போதித்தவர். இந்த வாக்கை யூலியான் ஆயுதமாக எடுத்தபோது, கிரேக்க மூலத்தில் 'பாவங்கள்' என்று பன்மைதான் இருக்கிறது, அது சொந்தப் பாவங்களைத்தான் குறிக்கும் என்று அகுஸ்தினார் பதிலடி கொடுத்தார். ஒரு வேற்றுமைச் சொல்லில் தொடங்கிய சண்டை, ஒருமை பன்மையில் தொடர்ந்தது.

இறுக்கமும் தளர்வும்

மேற்கில் குற்றமும் பிறப்பும் பிணைக்கப்பட்டதால் விளைந்தவை பல. 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த அமலோற்பவக் கோட்பாடு ஓர் எடுத்துக்காட்டு. மாசு கருவிலேயே வருகிறது என்றால் மரியாவுக்கு மட்டும் விலக்கு ஒன்று தேவைப்படுகிறது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. பரம்பரைக் குற்றத்தை ஒப்பாதவர்களுக்கு அந்த விலக்கு தேவைப்படவில்லை.

16ஆம் நூற்றாண்டில் விவிலிய அறிஞர் எராஸ்முஸ் 'இன் குவோ' வாசிப்பை ஐயுற்றார். சூரிச் நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலி 1526இல், தொடக்கப் பாவம் ஒரு நோய், தண்டனைக்குரிய குற்றம் அன்று என்று எழுதினார். லூத்தர் அணியினர் மறுதிசையில் போனார்கள்: 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கை, பிறவியோடு வரும் இச்சையே உண்மையான பாவம் என்றது. 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம், பாவம் பின்பற்றுதலால் அன்று, பிறப்பால் கடத்தப்படுகிறது என்று கார்த்தேஜை வழிமொழிந்தது. ஆனால் திருமுழுக்குக்குப் பின் எஞ்சும் இச்சையைப் பாவம் என்று சொல்ல மறுத்தது. நாட்டம் வேறு, குற்றம் வேறு என்ற கோடு அங்கே விழுந்தது.

இந்தக் கோடு எவ்வளவு தேவையானது என்பதை மத்தியாஸ் ஃபிளாசியுஸ் தம்மை அறியாமலே மெய்ப்பித்தார். 1560இல் வைமாரில் நடந்த வாதத்தில் இந்த லூத்தர் அணி அறிஞர், வீழ்ந்த மனிதனின் சாரமே பாவம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் கடவுள் படைத்த மனிதன் எங்கே? கிறிஸ்து ஏற்றது எந்த மனித இயல்பை? யூலியான் அஞ்சிய மானிக்கேயம் கண்முன் வந்து நின்றது. 1577இன் ஒருமைப்பாட்டு ஆவணம், தன் முதல் கூறிலேயே ஃபிளாசியுசின் கருத்தைத் தள்ளியது. லூத்தரைப் பின்பற்றியவர்களே தங்கள் பக்கத்து மிகையைத் திருத்திக்கொண்டார்கள்.

கத்தோலிக்கத் தரப்பில் தளர்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு, தொடக்கப் பாவம் ஒப்புமை வகையில்தான் 'பாவம்' எனப்படுகிறது, அது பெறப்பட்ட நிலை, செய்யப்பட்ட செயல் அன்று என்கிறது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பை நம்பக் காரணங்கள் உண்டு என்று பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் அறிக்கை 2007இல் வெளிவந்தது. 418இன் கார்த்தேஜ் ஆயர்கள் இந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் பெலாஜியுஸ் வென்றுவிடவில்லை. 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றி எழுதியபோது ஒப்புக்கொண்டது இதைத்தான்: ஒருவர் முடிவெடுக்கத் தொடங்கும் முன்பே அநீதி அவரைச் சூழ்ந்து நிற்கிறது. நிலவுடைமையோ இனவெறியோ நிலவும் சமூகத்தில் பிறக்கும் குழந்தை அதற்குக் காரணம் அன்று. ஆனால் அதன் தொட்டில் அங்கேதான் ஆடுகிறது. பாவம் தனிமனிதரைவிட மூத்தது என்ற அகுஸ்தினாரின் உள்ளொளி இங்கே உயிரோடிருக்கிறது; குற்றம் பிறப்பால் ஒட்டுகிறது என்ற பிணைப்பு மட்டும் கழன்றிருக்கிறது.

தமிழில் நிற்கும் பழைய சொல்

இந்த வரலாறு தமிழ்க் கிறிஸ்தவரையும் நேரே தொடுகிறது. கத்தோலிக்க ஞானோபதேசத்தில் நெடுங்காலமாக வழங்கும் சொல் 'சென்மப் பாவம்'. தமிழ்ச் செவிக்கு 'சென்மம்' என்றதும் முற்பிறவியும் வினையும் நினைவுக்கு வரும். மறுபிறப்பை மறுத்துத் தனி நூலே எழுதிய தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி பணியாற்றிய மண்ணில் இப்படி ஒரு சொல் நிலைத்தது வியப்புக்குரியது. வினைக் கோட்பாட்டில் அவரவர் செய்தது அவரவரைத் தொடரும். தொடக்கப் பாவத்தில் தான் செய்யாதது தன்னைச் சூழும். இரண்டும் நேர் எதிர். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால் இரண்டுமே மங்கிப்போகின்றன.

இதற்கு மாறாக, தமிழ் விவிலியம் வேறு வழியில் போயிருக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பும் பிந்திய பொது மொழிபெயர்ப்பும் உரோமையர் 5:12ஐக் காரணப் பொருளில்தான் தருகின்றன: எல்லாரும் பாவம் செய்தபடியால் சாவு வந்தது. 'ஆதாமுக்குள்' என்ற லத்தீன் வாசிப்பு அவற்றில் இல்லை. ஞாயிறு வாசகத்தில் கிரேக்கப் பொருளைக் கேட்கும் விசுவாசி, மறைக்கல்வி வகுப்பில் லத்தீன் பொருளைச் சுமந்த சொல்லை மனப்பாடம் செய்கிறார்.

மறைக்கல்வி நூல்களைத் தொகுப்போர் 'சென்மப் பாவம்' என்ற சொல்லை விட்டு, 'தொடக்கப் பாவம்' என்றோ 'ஆதிப் பாவம்' என்றோ எழுத வேண்டும். பெறப்படுவது சாவும் தீமை நோக்கிய சாய்வும்; குற்றம் அவரவர் செய்வது என்ற விளக்கத்தையும் அதே பாடத்தில் சேர்க்க வேண்டும்.