தானியங்கு கார்பன் மோனாக்சைடு காப்புக் கருவி

தானியங்கு கார்பன் மோனாக்சைடு காப்புக் கருவி என்பது, வீட்டின் உட்காற்றில் கார்பன் மோனாக்சைடு வளிமம் கூடும்போது அதனை உணர்ந்து, ஒலியெழுப்புவதோடு நில்லாமல், எரிபொருள் வழியை அடைத்தல், விசிறியை இயக்குதல், வெளியிலுள்ளோருக்குச் செய்தி அனுப்புதல் முதலியவற்றைத் தானே செய்யும் மின்னணு அமைப்பு ஆகும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் உலைகளின் பொருட்டு இது பரவியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எரிபொருள் கருவிகள் உள்ள வீடுகளில் எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2014 முதல் கட்டாயமாகும்.

தேவை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. விறகு, கரி, டீசல், சமையல் எரிவாயு என எதுவாயினும், போதிய ஆக்சிசன் இன்றி எரியும்போது இவ்வளிமம் உண்டாகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைவதால், உடலுக்குச் செல்லும் ஆக்சிசன் குறைகிறது. முதலில் தலைவலியும் குமட்டலும் தோன்றும். பின்னர் அறிவு மயங்கும். மணியோசை காதில் விழுந்தாலும் எழுந்து கதவைத் திறக்க இயலாத நிலையில் ஒருவர் இருக்கக்கூடும். ஆகவேதான் மனிதரை எதிர்பாராமல் செயற்படும் கருவி வேண்டப்படுகிறது.

முற்காலத்தில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் கனேரிப் பறவைகள் இப்பணியைச் செய்தன. அவற்றின் பயன்பாட்டைக் கைவிடும் முடிவு 1986இல்தான் அறிவிக்கப்பட்டது.

இயங்கும் முறை

இன்றைய வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மின்வேதி உணரியைக் கொண்டவை. காற்று ஒரு சவ்வின் வழியே பிளாட்டினம் போன்ற வினையூக்கி பூசிய மின்வாயை அடைகிறது. அங்கு கார்பன் மோனாக்சைடு நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இதனால் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டம், வளிமத்தின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நுண்செயலி அதனை அளந்து, எவ்வளவு செறிவு எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கிடுகிறது.

இம்மின்வேதியியல் துறைக்கென இந்தியாவில் அமைந்த தேசிய ஆய்வு நிறுவனம், சிவகங்கை மாவட்டம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஆகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் கொண்டு தொடங்கப்பட்ட இதற்கு, 1948இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் இது திறக்கப்பட்டது.

எச்சரிக்கை உடனே ஒலிப்பதில்லை. அமெரிக்காவின் யூ.எல். 2034 தரத்தின்படி, பத்து இலட்சத்தில் 70 பங்கு எனில் 60 முதல் 240 நிமிடங்களுக்குள்ளும், 150 பங்கு எனில் 10 முதல் 50 நிமிடங்களுக்குள்ளும், 400 பங்கு எனில் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்க வேண்டும். சற்று நேரம் அடுப்புப் புகை வந்ததற்கெல்லாம் கூச்சலிடும் கருவியை மக்கள் கழற்றி வைத்துவிடுவர் என்பதே இத்தாமதத்திற்குக் காரணம்.

தானியங்கு எதிர்வினை

2013இல் வெளிவந்த நெஸ்ட் புரொடெக்ட் இவ்வகையில் பெயர்பெற்றது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்தால், அதே நிறுவனத்தின் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி வழியாக உலையை அது நிறுத்தியது. கையசைத்து ஒலியை நிறுத்தும் வசதி தவறுதலாகவும் இயங்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டதால், 2014இல் இதன் விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டது. 2025இல் இதன் உற்பத்தியைக் கைவிடுவதாகக் கூகுள் அறிவித்தது.

இந்தியாவில் இத்தொழில்நுட்பம் வீடுகளைவிட வாகன நிறுத்தங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. பெரிய வணிக வளாகங்களின் நிலத்தடித் தளங்களில், உணரிகள் காட்டும் அளவைப் பொறுத்து விசிறிகள் தாமே சுழல்கின்றன.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டு வீடுகளில் நிறுத்துவதற்கு உலை இல்லை. இங்கு இடர் கரியடுப்பு, குளியலறை எரிவாயுக் கீசர், ஜெனரேட்டர் ஆகியவற்றால் வருகிறது. 2024 ஆகத்தில் கொடைக்கானலில், கரியில் இறைச்சி சுட்ட அடுப்பு விடுதி அறைக்குள் இருந்த நிலையில் உறங்கிய இரு இளைஞர்கள் இறந்தனர். எரியும் கரியை எந்த அடைப்பிதழாலும் அணைக்க முடியாது. அங்கு கருவியால் ஆகக்கூடியது காற்றை மாற்றுவதும் பக்கத்து அறையினரை எழுப்புவதுமே.

கீசருக்கு அடைப்பிதழ் பயன்படும். அது மின்சாரம் இருக்கும்போது திறந்தும், மின்சாரம் நின்றால் தானே மூடியும் கொள்ளும் வகையாக இருத்தல் வேண்டும். விசிறியை மட்டும் நம்புவது தவறு. காற்று உள்ளே வர வழியில்லாத குளியலறையில் வெளியேற்று விசிறி சுழன்றால், புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய வளிமமே அறைக்குள் திரும்ப இழுக்கப்படலாம்.

ஜெனரேட்டர் ஓடுவது மின்வெட்டின்போதுதான். அவ்வேளையில் வீட்டு இணையத் திசைவியும் நின்றுவிடக்கூடும் என்பதால், கைப்பேசிக்குச் செல்ல வேண்டிய செய்தி செல்லாமல் போகலாம். ஆகவே, உணரியும் ஒலிப்பானும் மின்கலத்தில் இயங்குவதும், எதிர்வினை இணையத்தைச் சாராமல் வீட்டுக்குள்ளேயே முடிவாவதும் இன்றியமையாதவை. விற்பனை விளம்பரங்களில் கைப்பேசிச் செயலிக்குத் தரப்படும் முதன்மை இதற்கு நேர்மாறானது.

செட்டிநாட்டின் பழைய வீடுகள், சான்றாகச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்து வீடுகள், வானம் பார்த்த முற்றங்களைச் சுற்றி அமைந்தவை; சமையற்கட்டு பின்புறத்தில் இருக்கும். திருமண விருந்துக்குக் கோட்டை அடுப்பு மூட்டினாலும் புகை மேலேறிப் போய்விடும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடி, அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தும்போது இவ்வியல்பு இழக்கப்படுகிறது. அத்தகைய வீட்டில் பக்கச் சந்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகை, சாளரம் வழியே புகுந்து உள்ளே தங்கிவிடக்கூடும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

சமையலறைகளுக்கென விற்கப்படும் எரிவாயுக் கசிவு உணர்கருவியை இதனுடன் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அக்கருவி தரையையொட்டிப் பொருத்தப்படுகிறது. கார்பன் மோனாக்சைடோ காற்றைவிடச் சிறிதே இலேசானது. அறை முழுதும் கலந்துவிடும். கசிவு உணர்கருவிகளில் பெரும்பாலானவை கார்பன் மோனாக்சைடுக்கு ஒலியெழுப்புமாறு அமைக்கப்பட்டவை அல்ல. காப்புக் கருவியை, உறங்குவோர் காதில் விழுமாறு படுக்கையறைக்கு அருகில், நீராவி படாத இடத்தில் பொருத்த வேண்டும்.

மின்வேதி உணரியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள்; பயன்படுத்தாவிடினும் அது தேயும். பெரும்பாலான கருவிகளிலுள்ள சோதனைப் பொத்தான், ஒலிப்பானையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கிறது. உணரி வளிமத்தை உணருமா என்பதை அது காட்டாது. ஆகவே கருவியின் பின்புறம் அச்சிடப்பட்ட காலாவதி நாளைப் பார்த்து, புதியதை மாற்ற வேண்டும்.