மாற்று: ஒரு பொற்சொல்லும் கலவைக் கணக்கும்

இருபது சதவீத அமிலக் கரைசலில் ஐம்பது சதவீதக் கரைசலை எவ்வளவு வார்த்தால் முப்பது சதவீதமாகும் என்று வினவி, தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தை இட்டுச் சமன்பாடு அமைக்கச் சொல்லும் பாடசாலைக் கணக்கை, மேல்நாட்டு இரசாயனத்தோடு வந்த புதுச் சரக்கென்று எண்ணுவார் பலர். இன்று 'செறிவு' என வழங்கும் அந்தக் கருத்து, பொன்னைப் பற்றியமட்டில் 'மாற்று' என்ற பெயரோடு நம்மிடையே நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது.

'மாறு' என்னும் அடியிற் பிறந்த இச்சொல், பண்டமாற்றில் பரிமாற்றத்தைக் குறிப்பது. பொற்கொல்லர் வழக்கிலோ அது தரமாயிற்று. கட்டளைக்கல்லில் உரைத்த பொன்னின் கீற்றை, தரமறிந்த உரையாணியின் கீற்றோடு ஒப்புநோக்கி, இஃது இத்தனை மாற்று என்று தீர்ப்பதே மாற்றுரைத்தல். களங்கமற்ற பொன்னுக்குப் பத்தரை மாற்று. தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள், 'தண்டவாணி' என்ற தரத்தை வைத்துக்கொண்டு, அதனினும் மாற்று ஏறியது, குறைந்தது என்று பொன்னை வகுத்துரைக்கும்.

உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் பொறித்துள்ள முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்களைக் குடவோலைக்காகவே போற்றுகிறோம்; அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் இருப்பதை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலை பறித்துத் தெரிந்தவருள் பன்னிருவரைப் பிரித்து, அறுவரைப் பஞ்சவார வாரியத்துக்கும் அறுவரைப் பொன் வாரியத்துக்கும் அமைத்தனர். ஏரி உடைந்தால் ஊரே காணும். பொன்னின் மாற்றுக் குறைந்தால் வல்லவன் கண்ணன்றி வேறெதுவும் காணாது.

வடநூலார் இத்தரத்தை 'வர்ணம்' என்றனர். ஒன்பதாம் நூற்றாண்டு மகாவீரரின் கணிதசார சங்கிரகமும், 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியும் சுவர்ண கணிதத்துக்கு இடம் தந்துள்ளன. எடையையும் தரத்தையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கலவையின் தரம் கிட்டும் என்பதே சூத்திரம்.

ஒன்பது மாற்றுப் பொன் நான்கு கழஞ்சு கையிலிருக்க, அதைப் பத்து மாற்றாக்கப் பத்தரை மாற்றுப் பொன் எத்தனை கழஞ்சு வேண்டும்? வேண்டுவதை 'அ' என்க.

9 × 4 + 10½ அ = 10 (4 + அ)

இதிலிருந்து ½ அ = 4; ஆகவே அ = 8 கழஞ்சு. சமன்பாடு அறியாத தட்டானும், நான்கு கழஞ்சில் கழஞ்சுக்கு ஒரு மாற்றுக் குறைவை, அரை மாற்று மிகையுடைய எட்டுக் கழஞ்சு ஈடுசெய்யும் என்று மனக்கணக்காகவே முடித்துவிடலாம். கரைசலுக்கும் வழி இதுவே; கழஞ்சு லிட்டராகும், மாற்று சதவீதமாகும், அவ்வளவே.

இக்காலத்து '916' முத்திரையிட்ட இருபத்திரண்டு காரட் நகையை இம்முறையில் கணக்கிட்டால், கடைக்காரர் 'பத்தரைமாற்று' என்று எத்துணை புகழ்ந்தாலும், அது ஒன்பதரையே அரைக்கால் மாற்றுத்தான்.