டயப்பரிலிருந்து டாய்லெட்டுக்கு: குழந்தையை எப்போது, எப்படிப் பழக்குவது?

ஜூனில் எல்கேஜி. குழந்தைக்கு மூணு வயசு ஆகப்போகுது, இன்னும் டயப்பர்தான். "ஸ்கூல்ல என்ன சொல்வாங்களோ" என்ற பதற்றத்தில் மே மாதக் கடைசியில் மிரட்டி, அடித்துப் பழக்கப் பார்க்கும் பெற்றோர் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பயந்த குழந்தை மலத்தை அடக்கும். அடக்கினால் இறுகும், வலிக்கும். வலித்ததால் மறுபடி அடக்கும்.

எப்போது தொடங்கலாம்?

வயசைப் பார்க்காதீங்க, அறிகுறியைப் பாருங்க. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பல குழந்தைகளிடம் இவை தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு இன்னும் தாமதமாகலாம். டயப்பர் இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கும். ஆய் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் ஒளியும். ஜட்டியைத் தானே இறக்கும். 'மூச்சா' என்று சொல்லும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-ல் வெளியிட்ட ஆய்வில், அவசரப்படுத்தாமல் பழக்கிய 1,170 குழந்தைகள் இடம்பெற்றனர். பகல் நேரக் கட்டுப்பாடு வந்தது சராசரியாக 28.5 மாதத்தில்.

நம்ம வீட்டுப் பாட்டிகள் காலை நீட்டி, பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பார்களே, அது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே நேரம் பார்ப்பது பாட்டி. குழந்தைக்கே அந்த உணர்வு புரிய இன்னும் நாளாகும்.

தறி ஓடும் வீட்டில்...

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். கோர்வைப் புடவை என்றால் நெய்பவரோடு உதவிக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். பாவில் ஈரம் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. டயப்பரைக் கழற்றத் தயங்குவது புரிகிறது.

இதுக்கு வழி, நாள் முழுக்கக் குழந்தை பின்னால் ஓடாமல் நேரத்தைப் பிடிப்பது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும். அதனால் காலை, இரவு உணவு முடிந்து கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஐந்து நிமிடம் மட்டும் உட்கார வையுங்கள். வரலைன்னா எழுப்பிவிடலாம், திட்ட வேண்டாம்.

பெரியவர்கள் கழிப்பறையின் குழியைப் பார்த்தே சில குழந்தைகள் அழும். முதலில் சின்ன பிளாஸ்டிக் சீட் போதும். (கடையில் 'பாட்டி சேர்' என்றுதான் கேட்க வேண்டும், சிரிக்க மாட்டார்கள்.) பாதம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும், கால் தொங்கினால் முக்க முடியாது. நாடா வைத்த டிரவுசர் வேண்டாம், எலாஸ்டிக் ஜட்டி போதும்.

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி கருட சேவைக்கு வீடு நிறைய உறவினர் வந்திருக்கும் வாரத்தில் தொடங்காதீங்க. அங்கன்வாடிக்கு 2 வயதிலிருந்தே அனுப்பலாம் என்பதால், வீட்டில் குழந்தை சொல்லும் வார்த்தை 'ஆய்'யா 'கக்கா'வா என்று அங்குள்ள பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க.

டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

இரவில் படுக்கையை நனைப்பது 5 வயது வரை சாதாரணம், அதன் பிறகும் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும். ஆனால் மலம் இறுகி ரத்தம் வந்தாலோ, சிறுநீர் போகும்போது வலித்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென மறுபடி நனைத்து, கூடவே அதிக தாகமும் இருந்தால் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். அன்றே பார்ப்பது நல்லது.