ஆரோவில்லுக்கு வந்த குடும்பங்களும் பள்ளிக்கூடக் கவலையும்

காலை வேளையில் குயிலாப்பாளையம் சாலையைக் கவனித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரோவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சைக்கிளில் உள்ளே இருக்கிற பள்ளிகளுக்குப் போவார்கள். சிலர் மட்டும் வண்டியேறிப் புதுச்சேரி பிரெஞ்சு லிசேவுக்கு வருவார்கள். ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இரண்டு வழி? இதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. நம் புதுச்சேரிக் குடும்பங்களும் ஒரு காலத்தில் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டவைதான். அதனால்தான் எழுதலாம் என்று தோன்றியது.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாழியில் இட்டார்கள். அன்றைக்கு அன்னை பிரெஞ்சில் வாசித்த சாசனத்திலேயே முடிவில்லாத கல்வி என்ற பேச்சு வருகிறது. அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் மாணவர்கள் பல்கலைக்கழகங்களை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளில் தரைவழியாகவே வந்து ஆஸ்பிரேஷன் குடியிருப்பில் தங்கியது. பரீட்சை, சான்றிதழ் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களிடம் எந்தப் பள்ளி நல்லது என்று கேட்டால் சிரித்திருப்பார்கள்.

அவர்களுக்காக எழுந்த பள்ளிக்கு அன்னை வைத்த பெயர் 'லாஸ்ட் ஸ்கூல்', அதாவது கடைசிப் பள்ளி. இதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே இருந்தது. 1943 டிசம்பர் 2 அன்று தொடங்கிய ஆசிரமப் பள்ளி இன்றுவரை பட்டமோ சான்றிதழோ கொடுப்பதில்லை. அங்கே கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில் நடக்கும்.

1973 நவம்பரில் அன்னை மறைந்தார். பிறகு ஆரோவில் யாருடையது என்ற தகராறு. 1980இல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் போடும்வரை அது ஓயவில்லை. அந்தக் குழப்பத்தில் பள்ளியும் சில வருடம் நின்றுபோனது. பிள்ளைகள் மரம் நட்டார்கள், கட்டட வேலை பார்த்தார்கள், கோட்டக்கரைப் பையன்களோடு சுற்றி அசல் கிராமத்துத் தமிழ் கற்றார்கள். அதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. ஆனால் பதினான்கு வயதில் குடும்பத்தோடு ஊர் திரும்ப நேர்ந்த பிள்ளைக்கு அந்தத் தமிழ் எந்த வகுப்பில் இடம் வாங்கித் தரும்?

பிரான்சில் இந்த விஷயம் கறாரானது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் அங்கீகரித்த பள்ளியிலிருந்து வந்தால் நேரே அடுத்த வகுப்பு. அங்கீகாரம் இல்லாத பள்ளியென்றால் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேருமுன் தேர்வு எழுத வேண்டும். நம் லிசே அங்கீகாரம் பெற்றது. 1826இல் ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் அரசக் கல்லூரியாக ஆரம்பித்தது. அங்கே பக்கலோரேயா முடித்தவன் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது லியோன் பையனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை. கட்டணம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துக்கு வருமானத்தைப் பொறுத்து அந்நாட்டு அரசு உதவித்தொகை கொடுக்கும். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குத் தபால் வழிக் கல்வி இருக்கிறது. 1939இல் யுத்தம் வந்தபோது பள்ளி இழந்த பிள்ளைகளுக்காகப் பிரான்சு தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

இனி நம் கதை. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் கொடுத்தார்கள். சொல்தா வீடுகளில் பேச்சே வேறு இல்லை. மற்ற வீடுகளில் இராத்திரி இராத்திரியாக விவாதம். என் தகப்பனார் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து எடுக்கவும் இல்லை. பன்னிரண்டு வயதுவரை பிரெஞ்சிலேயே கணக்குப் போட்ட பையனை எங்கே மாற்றுவது என்பது அவர் வாதம். ஆக நான் இந்தியப் பிரஜை, படிப்பு பிரெஞ்சு. குமாஸ்தா வேலைக்குப் போனபோது கோப்புக் குறிப்பெல்லாம் ஆங்கிலம். மூன்று வருடம் அகராதி என் மேசையைவிட்டு இறங்கவில்லை. பிரெஞ்சுச் சான்றிதழ் எதற்குச் சமம் என்று ஓர் அலுவலகத்தில் என்னை ஆறு தடவை நடக்கவைத்தார்கள். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறான் என்பதும் எந்த நாட்டில் பிழைக்கப்போகிறான் என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

ஆரோவில் பெற்றோரும் இதை உணராமல் இல்லை. 1980களில் பள்ளிகள் மீண்டும் ஒழுங்காயின. பிறகு வந்த பியூச்சர் ஸ்கூலில் விருப்பமுள்ளவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதலாம். கட்டாயம் இல்லை, கதவு திறந்திருக்கிறது. இங்கிலாந்து, ஹாலந்து போக அது போதும். இந்தியக் கல்லூரியென்றால் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். அந்த நடை எனக்குத் தெரியும்!

என் அனுபவத்தில் வயதுதான் முக்கியம். ஆறு வயதில் வந்த குழந்தை எந்தப் பள்ளியிலும் ஆறே மாதத்தில் கலந்துவிடும். பதின்மூன்றில் வந்ததை ஆங்கிலப் பள்ளியில் போட்டால், புது ஊர், புது மொழி, புதுப் பாடம் மூன்றும் ஒன்றாக விழும். அப்படி வருகிற பிரெஞ்சுக் குடும்பம் லிசேவைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆரோவில்லின் நோக்கத்துக்கு அது விரோதம் என்று சிலர் முணுமுணுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நோக்கம் பெற்றோருடையது, பரீட்சை பிள்ளையுடையது அல்லவா?

இதில் தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். அன்னை ஆரோவில்லுக்குச் சொன்ன நான்கு மொழிகளில் தமிழும் உண்டு. பிரெஞ்சு, ஆங்கிலம், சமஸ்கிருதம் மற்றவை. நடைமுறையில் ஆங்கிலம் ஜெயித்துவிட்டது. இடையஞ்சாவடி உதவி பள்ளியிலும் குயிலாப்பாளையம் ஐக்கியம் பள்ளியிலும் நம் கிராமத்துப் பிள்ளைகள் தமிழோடு படிக்கிறார்கள். லிசேயிலும் தமிழ் உண்டு, பக்கலோரேயாவில் ஒரு மொழிப்பாடமாக எழுதலாம். அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள். அடுத்த விமானத்தில் பாரிஸ் போகிறவர்களும் அவர்கள்தான்.